அப்பா பொறுக்கியெடுத்த மூன்று படங்கள்

டெக் வாடகைக்கு எடுத்து வரிசையாக மூன்று படம் பார்த்த தலைமுறைதானே நீங்களும். அதனால் உங்களிடம் பாதி விஷயத்தை விளக்கவே வேண்டாம். கேசட்டைத் தள்ளியதும் டெக் அதை விழுங்குகிற சத்தம், படத்தில் கோடு விழுந்தால் யாராவது மூடியைத் திறந்து கைக்குட்டையால் துடைப்பது, சூடேறிய டிவியிலிருந்து வருகிற தூசி வாடை, இதெல்லாம் உங்கள் வீட்டிலும் இருந்திருக்கும். என் மகளிடம் சொன்னால் சிரிக்கிறாள். படத்தை எதற்குக் கடையிலிருந்து தூக்கிக்கொண்டு வர வேண்டும் என்று கேட்கிறாள்.

நான் சொல்ல வந்தது அந்தச் சந்தோஷத்தைப் பற்றி இல்லை. 1991 கோடையில் எங்கள் வீட்டில் ஒரே ஒரு முறை டெக் எடுத்தோம். அந்த மாலையில் என் அத்தையின் கல்யாணம் நின்றது. முப்பது வருடத்துக்கும் மேலாக அந்தப் பழியை அப்பாவின் தலையில் கட்டிவிட்டு நான் நிம்மதியாக இருந்தேன். போன மாதம்தான் அந்த நிம்மதி போயிற்று.

எங்கள் வீடு பென்னலூரில். இன்று நெடுஞ்சாலையில் இறங்கினால் எந்தப் பக்கம் திரும்பினாலும் கம்பெனி காம்பவுண்டு சுவர்தான். அன்று இரண்டு மூன்று தகர ஷெட்டுகள் மட்டும். வல்லம் வடகால் பக்கமெல்லாம் நெல். அந்தத் தகர ஷெட்டுகளில் ஒன்றில் அப்பாவுக்கு கேட்டில் வேலை. ஷிப்ட் முடிந்து வெளியே போகிறவர்களின் சாப்பாட்டு கேரியரைத் திறந்து பார்ப்பார். ஒருமுறை ரசத்துக்குள் நட்டு, போல்ட்டு போட்டுக் கடத்திய ஆளைப் பிடித்திருக்கிறார். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டதற்கு, "ரசம் கொண்டுபோறவன் கேரியர இவ்ளோ கெட்டியா புடிச்சிக்கினு நிக்க மாட்டான்" என்றாராம். சந்தேகப்படுவதற்குச் சம்பளம் வாங்கிய மனிதர். வீட்டிலும் கொஞ்சம் ஓவர்டைம் பார்ப்பார்.

அப்பாவின் தங்கைதான் என் அத்தை. அப்போது அவளுக்கு இருபத்தாறு. இரண்டு வரன் வந்து தட்டிப்போயிருந்தது. வீட்டில் தையல் மெஷின் வைத்து ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாள். சினிமாப் பைத்தியம். மெஷின் மூடியின் உட்பக்கம் முழுக்க வாரப் பத்திரிகையிலிருந்து வெட்டிய நடிகர்கள் ஒட்டியிருப்பார்கள். சுங்குவார்சத்திரம் டென்ட் கொட்டகைக்கு எந்தப் படம் வந்தாலும், மணல் குவித்து அதன்மேல் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்து, மறுநாள் தைத்துக்கொண்டே எனக்குக் கதை சொல்லுவாள். பாதியில் யாராவது ஜாக்கெட் கேட்டு வந்துவிடுவார்கள். மீதிக் கதையை நானே கட்டிக்கொள்வேன்.

கிணற்றடியைத் தாண்டி எங்களுக்கு ஒரு ஓட்டு அறை இருந்தது. அதில் வாடகைக்கு இருந்தவர் அப்பாவின் கம்பெனியிலேயே வெல்டர். நாகர்கோவில் பக்கத்து ஆள். எங்களைப் போலவே கிறிஸ்தவர். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பின்வரிசையில் நின்று பாடுவார். குரல் அடித்தொண்டையிலிருந்து வரும். அவர் பாட ஆரம்பித்தால் அத்தை பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருப்பாள். அவரே போதகர் மூலமாக முறையாகப் பெண் கேட்டார். அப்பாவும் சரி என்றார். கோயிலில் மூன்று ஞாயிறு கல்யாண ஓலை வாசிப்பார்கள், யாருக்காவது தடை இருந்தால் சொல்லலாம், அப்புறம் கல்யாணம். ஜூனில் ஓலைக்குப் பெயர் கொடுப்பதாகப் பேச்சு.

நான் அவரை அண்ணா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள், ஏப்ரலிலிருந்து மாமா என்று மாற்றினேன். அவர் என்னை "மக்களே" என்பார். ஒற்றைப் பெண்ணைப் பார்த்து மக்களே என்கிறாரே என்று தெருவே சிரித்தது. அவர் ஊரில் பிள்ளைகளைச் செல்லமாக அப்படித்தான் கூப்பிடுவார்களாம்.

ஒரு மத்தியானம் அவர் என்னைக் கிணற்றடியில் நிறுத்தினார். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "மக்களே, உனக்கு சினிமாக் கதை எல்லாம் தெரியுமாமே. எனக்குச் சொல்லித் தருவியா?" என்று கேட்டார்.

"நீங்க பாத்ததே இல்லியா?"

"ஒரு படம்கூட இல்ல. எனக்க அப்பா தனியா ஒரு சபை நடத்துறவரு. சினிமா, பூவு, நகை எல்லாம் பாவமாக்கும். போஸ்டர் ஒட்டின சுவரு வந்தா மறுபக்கம் பாத்து நடக்கணும். ஆனா உனக்க அத்தைக்கிட்ட, நான் எல்லாப் படமும் பாத்திருக்கேன்னு சொல்லிப்போட்டேன். அவளுக்கு அது ரொம்ப இஷ்டம்லா. யாருகிட்டயும் சொல்லிராத, என்ன?"

ஒரு கதைக்கு ஒரு தேன் மிட்டாய் என்று பேசிக்கொண்டோம். அவர் உள்ளே சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருப்பார். நான் வாசற்படியில் உட்கார்ந்து சொல்வேன். பன்னிரண்டு வயதுப் பெண், தனி ஆள் இருக்கிற ரூம் பக்கம் போகக் கூடாது என்று அம்மா இரண்டு தடவை எச்சரித்திருந்தாள். அம்மா மத்தியானத் தூக்கம் போடுகிற நேரமாகப் பார்த்துப் போவேன். எனக்கு உண்மையில் தெரிந்தது ஐந்தாறு கதை. மிட்டாய் ஆசையில் இருபது கதை சொன்னேன். அத்தை பாதியில் விட்ட இடத்திலெல்லாம் என் கைச்சரக்கைச் சேர்த்தேன். அவர் பக்தியோடு கேட்டார். யார் யாருக்குத் தம்பி, யார் கடைசியில் சாகிறார் என்று சந்தேகம் வேறு கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்வார்.

மே மாதத்தில் ஓர் இரவு எங்கள் ஊருக்குப் பக்கத்தில், ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்ததை நான் சொல்ல வேண்டியதில்லை. அதற்குப் பிறகு அந்த ஊர்ப் பெயரை உலகமே சொல்லிற்று. உங்களுக்கு அது செய்தி. எங்களுக்குத் தண்ணீர் எடுக்கப் போகிற வழி. சாலையில் ஜீப்புகள் நின்றன. வழியில் கிடக்கிற எதையும், டார்ச் லைட்டாக இருந்தாலும், தொடக்கூடாது என்றார்கள். டீக்கடையில் பேச்சு குறைந்தது. புதிதாக ஓர் ஆள் பன் வாங்கினால்கூட அவன் கடித்து முடிக்கும்வரை நான்கு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாடகைக்கு ஆள் வைத்திருப்பவர்கள் யார், எங்கிருந்து வந்தவர் என்று எழுதிக் கொடுக்க வேண்டும் என்று பேச்சு வந்தது. அப்பா கேட்டில் கேரியர் திறந்து பார்க்கிற கண்ணை வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

"அந்தப் பேச்சு நம்ம பேச்சு இல்ல" என்றார் ஒருநாள் சாப்பிடும்போது. "தண்ணிய வெள்ளம்ன்றான். ஆக்கும்ன்றான். எனக்கென்னமோ கடலுக்கு அந்தாண்ட பேச்சு மாதிரி கீது."

"நாகர்கோயில்ல அப்டித்தான் பேசுவாங்களாம்" என்றாள் அம்மா.

"நீ போய்ப் பாத்துக்கினு வந்தியா?"

அப்பாவின் பட்டியல் நாளுக்கு நாள் நீண்டது. விடியும் முன்னால் ரேடியோவை எதற்கு அவ்வளவு சின்னதாக வைத்துக் கேட்கிறான்? டிரங்குப் பெட்டிக்கு எதற்கு இத்தனை பெரிய பூட்டு? ஊருக்கு எழுதிய கடிதத்துக்கு ஏன் பதிலே வருவதில்லை? ஜூன் முதல் வாரம் வெயில் தாங்காமல் அவர் மீசையை எடுத்துவிட்டார். அன்றைக்கு அப்பாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. "இப்ப இன்னாத்துக்கு மீசைய எடுக்கணும்?" என்று இரண்டு தடவை கேட்டார். நாகர்கோவில் சர்டிபிகேட் வைத்திருக்கிறாரே என்று அம்மா சொன்னதற்கு, "காயிதம் யாரு வேணா அடிக்கலாம்" என்றார்.

இன்று யோசித்தால், நாகர்கோவிலுக்கு ஒரு பஸ் டிக்கெட் எடுத்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். பன்னிரண்டு மணி நேரம் உட்கார முடியாது, லீவு கிடைக்காது என்று அப்பா சாக்கு சொன்னார்.

எனக்கும் தொற்றிக்கொண்டது என்பதை மறைக்கப் போவதில்லை. நம் நாட்டில் சினிமாவே பார்க்காமல் ஓர் ஆள் இருபத்தெட்டு வயதுவரை வளர முடியுமா? என்னிடம் அவர் சொன்னதே கட்டுக்கதையாக இருந்தால்? ஒரு விடியற்காலை ஜன்னல் இடுக்கு வழியாக எட்டிப் பார்த்தேன். அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் மண்டியிட்டுக் குனிந்திருந்தார். அடியில் எதையோ ஒளித்து வைக்கிறார் என்றே நினைத்தேன்.  ரேடியோவில் யாரோ மெல்லிய குரலில் சங்கீதம் வாசித்துக்கொண்டிருந்தார்கள். நாங்களும் ஜெபம் பண்ணுகிற குடும்பம்தான். ஆனாலும் ஓர் ஆள் ஜெபம் பண்ணிக்கொண்டிருக்கலாம் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

அடுத்த ஞாயிறு போதகரிடம் பெயர் கொடுக்க வேண்டும். அந்த வாரம்தான் அப்பாவுக்கு யோசனை வந்தது. வெள்ளிக்கிழமை என்னை சைக்கிளில் வைத்து ஸ்ரீபெரும்புதூர் வீடியோ கடைக்குக் கூட்டிப்போனார். கல்யாணக் களை கட்டுவதற்கு டெக் எடுக்கிறோம் என்று அத்தையிடம் சொல்லியிருந்தார். அவள் சந்தோஷத்தில் எனக்கு இரட்டைப் பின்னல் போட்டுவிட்டாள்.

கடைக்காரர் நீளமான நோட்டை எடுத்துப் போட்டார். சாமி, சண்டை, குடும்பம், சிரிப்பு, பேய், ராஜா ராணி என்று பிரித்து எழுதியிருந்தது.

"கல்யாண வூடா சார்? புதுப்படம் வந்து கீது, எடுத்துக்கினு போ."

"புதுசு வாணாம். பழசா குடு. ரொம்பப் பழசு. ஒவ்வொரு ரகத்துல ஒண்ணு."

"வயசானவங்க பாக்கறதுக்கா?"

 அப்பா நோட்டில் விரலை வைத்து வரி வரியாக இறங்கினார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு படத்தில் விரல் நிற்கும். கொஞ்சம் யோசிப்பார். "இது எல்லாருக்கும் தெரியுமா?" என்று கடைக்காரரைக் கேட்பார். அவர் கொஞ்சம் தயங்கினால்கூட அந்தப் படத்தை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போவார். கடைசியில் மூன்று எடுத்தார். சிரிப்பில் ஒன்று, பேயில் ஒன்று, ராஜா ராணியில் ஒன்று. பெயரைச் சொன்னால் உங்களில் பாதிப் பேர் வசனத்தை ஆரம்பித்துவிடுவீர்கள், என் கதை நகராது. அப்படிப்பட்ட படங்கள். ராஜா ராணி படத்தில் வருகிற நீள வசனத்தை எங்கள் தெரு பால்காரர் மாடு கறந்துகொண்டே சொல்லுவார்.

திரும்பி வரும்போது, சைக்கிளை மிதித்துக்கொண்டே அப்பா தனக்குள் பேசுவதுபோல் சொன்னார். "புதுப்படம் யாருக்கு வேணா தெரியாம இருக்கலாம். இந்த மூணும் தெரியாதவன் இந்த மண்ணுல பொறந்திருக்க மாட்டான். நாளைக்குத் தெரிஞ்சிடும்." பிறகு என் பக்கம் திரும்பி, "அத்தகிட்ட சொல்லாத" என்றார்.

பின்னால் உட்கார்ந்திருந்த நான் சரி என்று தலையாட்டினேன். கடலுக்கு அப்பால் இருந்தவர்களும் இதே படங்களை, நம்மைவிட அதிகத் தடவை பார்த்து வளர்ந்தவர்கள் என்று பின்னாளில், அங்கிருந்து வந்து என்னோடு வேலை பார்த்த ஒரு பெண் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அப்பாவின் பரீட்சையில் அவர்களெல்லாம் முதல் மார்க் வாங்கியிருப்பார்கள். தோற்பதற்கென்றே பிறந்தவர் எங்கள் வீட்டு வெல்டர் ஒருவர்தான்.

சனிக்கிழமை மத்தியானம் நான் ஓட்டு அறைப் படிக்குப் போனேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். அவர் புதுச் சட்டை மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மக்களே, இன்னைக்கு என்ன படமாக்கும்?"

மூன்று பெயரையும் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. "அட, ராஜா ராணி தவிர ரெண்டும் நீ சொல்லித் தந்ததுதான! கதை எனக்கு நல்லாத் தெரியும். இனி பயமில்ல."

"மாமா" என்று ஆரம்பித்தேன். அப்புறம் வாயடைத்துப்போயிற்று. பேய்ப் படத்தை நான் பார்த்ததே இல்லை. அத்தை பாதிவரை சொன்னாள். சமையல்காரிதான் பேய், முதலாளியைப் பழிவாங்கச் செத்துத் திரும்பி வந்திருக்கிறாள் என்று மீதியைச் சேர்த்தது நான். உண்மையைச் சொன்னால் தின்ற மிட்டாயெல்லாம் களவாகிவிடும். அப்பாவின் திட்டத்தைச் சொன்னால் அப்பாவிடம் மாட்டிக்கொள்வேன். இவரோ அப்பாவிடம் என் பெயரைச் சொல்லாமல் இருப்பாரா என்றும் சந்தேகமாக இருந்தது. "சட்டை நல்லா கீது மாமா" என்று சொல்லிவிட்டு ஓடி வந்துவிட்டேன்.

பொழுது சாயும்போது வாசலில் டிவி வைத்தார்கள். தெருவே பாயோடு வந்தது. அவித்த வேர்க்கடலை வாசனை. அத்தை மல்லிகை வைத்து, டிவிக்குப் பக்கவாட்டில் அவரைப் பார்க்க வாகாக உட்கார்ந்தாள். அப்பா டிவிக்கு முதுகைக் காட்டி, கூட்டத்தைப் பார்த்து உட்கார்ந்தார். "இன்னாபா, படம் பாக்கலியா?" என்று யாரோ கேட்டதற்கு, "நான் பாத்த படம்தான்" என்றார். அவர் கண் முழுக்க ஒரே ஆள் மேலிருந்தது.

சிரிப்புப் படம் முதலில். உங்களுக்குத் தெரியும், அந்தப் படத்துக்கு ஜோக் வருவதற்கு முன்னாலேயே சிரிப்பார்கள். நடிகர் வாயைத் திறக்கும்போதே எங்கள் தெரு சிரித்தது. வெல்டர் மாமா எல்லாரும் சிரித்ததைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அரை விநாடி தாமதம். கேட்டில் இருபது வருடம் நின்ற மனிதருக்கு அந்த அரை விநாடி போதும். ஆனால் ஒரு விஷயம் எனக்குத் தெரிந்தது. பத்து நிமிடத்துக்குப் பிறகு அவர் யாரையும் பார்க்கவில்லை. வாயைப் பிளந்துகொண்டு டிவியையே பார்த்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு சினிமா பார்க்கிற மனிதரை நான் பார்த்தேன். அந்தத் தெருவில் அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

அப்புறம் பேய்ப் படம். மரத்தடியில் வெள்ளைப் புடவை நகர்ந்தது. பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டார்கள். அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. அத்தை காதில் விழும்படி, சத்தமாகவே சொன்னார். "அந்தச் சமையல்காரிதான் பேயி, பாத்துக்கிடுங்க. செத்துப்போயி பழிவாங்க வந்திருக்கா."

கூட்டம் ஒரு நிமிடம் புரியாமல் பார்த்தது. அந்தப் படத்தில் பேயே கிடையாது. சொத்துக்காகக் கணக்குப்பிள்ளை ஆள் வைத்து ஆட்டுகிற நாடகம் அது. கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். பக்கத்தில் யாரோ முணுமுணுத்ததைக் கேட்டு எனக்கும் அந்த நிமிடத்தில்தான் தெரிந்தது.

அப்பா எழுந்து டெக்கை நிறுத்தினார். வெள்ளைப் புடவை பாதியில் நின்று கோடு கோடாக நடுங்கியது.

"தம்பி, இந்தப் படத்த நீங்க பாத்திருக்கீங்களா?"

"பாத்திருக்கேன் அண்ணே."

"எங்க?"

"ஊர்ல. தியேட்டர்ல."

"எந்தத் தியேட்டரு?"

அவர் தடுமாறினார்.  அப்பா குரலை உயர்த்தவேயில்லை. "பாக்காதவன் பாக்கலன்னு சொல்லுவான். நீங்க பாத்தேன்னு சொல்றீங்க, ஒரு கதையும் சொல்றீங்க. உங்களுக்கு யாரோ சொல்லிக் குடுத்து அனுப்பி கீறாங்க. யாரு?"

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஒரே ஒரு பார்வை. பிறகு தலையைக் குனிந்துகொண்டார். "யாருமில்ல அண்ணே" என்றார்.

அத்தை எழுந்து நின்றாள். "பாத்தீங்களா, பாக்கலியா? எனக்கு அத மட்டும் சொல்லுங்க."

"பாக்கல. எந்தப் படமும் பாத்ததில்ல. உனக்கு இஷ்டம்னுதான்..."

"சினிமா பாக்காத மனுசன் எங்கியாவது கீறானா?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். யாரும் சிரிக்கவில்லை. மாமா சொன்னது உண்மை என்று எனக்குத் தெரியும். நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வேர்க்கடலைத் தோலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கோழைத்தனத்துக்கு நான் வைத்திருக்கிற ஒரே சமாதானம் வயது பன்னிரண்டு என்பது. அது போதாது.

மறுநாள் ஓலைக்குப் பெயர் கொடுக்கவில்லை. அப்பா கோயிலுக்குப் போகாமல் ஸ்டேஷனுக்குப் போனார். மாமாவை விசாரணைக்குக் கூட்டிப்போனார்கள். மரியாதையாகத்தான் நடத்தினார்கள் என்று பிறகு அவரே சொன்னார். ஐந்தாம் நாள் அவருடைய அப்பா வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில், கக்கத்தில் வேதப் புத்தகத்தோடு வந்து சேர்ந்தார். மகன் வேறு சபையில் பெண் எடுக்கிறான் என்ற கோபத்தில்தான் அவர் பதில் எழுதாமல் இருந்திருக்கிறார். எல்லாம் சரிபார்த்து மகனை அனுப்பிவிட்டார்கள். இருவரும் பெட்டியை எடுக்க எங்கள் வீட்டுக்கு வந்தார்கள்.

பெரியவர் வாசலிலேயே நின்றார். அப்பாவைப் பார்த்து, "எனக்க மகன் பிறந்ததுல இருந்து சினிமா பாத்ததில்லன்னு அங்க நானே சொல்லிட்டு வாறேன்" என்றார். "அவன உக்கார வச்சு முதல்ல சினிமா காட்டினது நீங்கதானாமே."

 அப்பா இடுப்பில் கட்டியிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். கை கூப்பினார். என் அப்பா ஒருவரைப் பார்த்துக் கை கூப்பி நான் பார்த்தது அன்றுதான். "தப்பு என்னுதுதான். மனசுல வச்சிக்காதீங்க. வர ஞாயித்துக்கெழம பேரு குடுத்துடறேன்" என்றார்.

"எனக்கு ஒரு வருத்தமும் இல்ல அண்ணே" என்றார் அவர். மீசை லேசாக முளைத்திருந்தது. அவருடைய அப்பாவும் மறுத்துச் சொல்லவில்லை. எல்லாரும் கதவுப் பக்கம் பார்த்தோம். எல்லாம் சரியாகிவிட்டது, நான் ஒன்றும் சொல்லாமலே தப்பித்தேன் என்று எனக்கு உடம்பு லேசானது.

உள்ளே தையல் மெஷின் சத்தம் நின்றது. "வாணாம்" என்றாள் அத்தை.

அம்மா போய்க் கெஞ்சினாள். அப்பா போய்க் கெஞ்சினார். போதகரும் வந்து பேசினார். வாணாம் என்பதைத் தவிர அவள் வேறு சொல்லவில்லை. ரோஷக்காரி, தெருவே பார்க்க அண்ணன் அவமானப்படுத்தியதை மறக்கவில்லை என்று எல்லாரும் சொன்னார்கள். அப்பாவும் அப்படித்தான் நம்பினார். பிறகு அவரிடமிருந்து இரண்டு கடிதம் வந்தது. அத்தை பிரிக்காமல் அடுப்பில் போட்டாள். இரண்டு வருடம் கழித்து அரக்கோணம் பக்கம் மனைவி இறந்துபோன ஒருவருக்கு அவளைக் கொடுத்தார்கள். அப்பா கடைசிப் படுக்கையில், "உன் வாழ்க்கைய நான்தான் கெடுத்தேன்" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவள் கையை எடுக்கவுமில்லை, இல்லை என்று சொல்லவுமில்லை. நான் பக்கத்தில் நின்று, ஆமாம், இவரால்தான் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அத்தைக்கு இப்போது அறுபது தாண்டிவிட்டது. அவள் வீட்டுக்காரர் போனபிறகு என்னோடுதான் இருக்கிறாள். போன மாதம் என் மகள், லீவு நாளில் எல்லாரும் சேர்ந்து பழைய படம் பார்ப்போம், நீங்களே ரகத்துக்கு ஒன்றாகத் தேர்ந்தெடுங்கள் என்று ரிமோட்டைக் கையில் கொடுத்துவிட்டுக் கடைக்குப் போனாள். நான் படங்களைத் தள்ளிக்கொண்டே வந்தேன். அந்தப் பேய்ப் படம் வந்தது. ரிமோட்டைக் கீழே வைத்தேன். இந்த வயதுக்கு மேல் எதை மூடி வைப்பது என்று தோன்றியது.

"அத்த, அன்னிக்கு அவருக்கு அந்தக் கதைய சொல்லிக் குடுத்தது நான்தான்."

அவள் மெல்லத் திரும்பினாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். மத்தியானம், வாசற்படி, இஸ்திரி, ஒரு கதைக்கு ஒரு தேன் மிட்டாய். சொல்லச் சொல்ல அவள் முகம் வெளுத்துக்கொண்டே போயிற்று. கோபப்படப் போகிறாள் என்று நினைத்தேன்.

"கதையா?" என்றாள். "கதை மட்டுமா சொல்லிக்கினு இருந்த?"

"வேற இன்னா அத்த?"

 அவள் என்னைப் பார்க்காமல் சொன்னாள். "நீ அவரு ரூமாண்ட போய்ட்டு வர்றது எனக்குத் தெரியும்டி. வாயில மிட்டாய் வாசன வரும். யாரு குடுத்தான்னு கேட்டா முழிப்ப. அன்னிக்கு உங்கப்பா யாருன்னு கேட்டப்ப, அவரு உன்னப் பாத்தாரு. பாத்துட்டுத் தலைய குனிஞ்சிக்கினாரு. நீ உங்கம்மா பின்னாடி ஒளிஞ்சிக்கின. பன்னெண்டு வயசுப் பொண்ணு. தனி ரூமு. எனக்கு வேற இன்னாடி தோணும்?"

 எல்லாரையும்விட நல்லவரான ஒரு மனிதரை, நான் வாயைத் திறக்காததால், இவள் இத்தனை வருடமும் என்னவாக நினைத்துக்கொண்டிருந்தாள் என்று அப்போதுதான் புரிந்தது.

"என்ன ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே அத்த."

"கேட்டு, நீ ஆமான்னு சொல்லிட்டா?" என்றாள். "வெளிய சொன்னா உன் பேருல்ல கெடும். வாணாம்னு சொல்லிட்டா நீயாவது தப்பிச்சிப்பன்னு நெனச்சேன்."

அழுதேன். அவள் அழவில்லை. என் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். வெளியே என் மகள் வண்டியை நிறுத்துகிற சத்தம் கேட்டது. அத்தை கையை எடுத்துக்கொண்டாள்.

"நான் அவர இப்டி நெனச்சேன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்குமாடி?"

"தெரிஞ்சிருக்காது அத்த. அப்பாவாலதான் நின்னுபோச்சின்னு எல்லாரையும் மாதிரி அவரும் நெனச்சிருப்பாரு."

"அப்டியே இருக்கட்டும்" என்றாள். "எங்க அண்ணன் கோச்சிக்க மாட்டாரு."